ஸ்டோயிக் தத்துவ ஆய்வுக்குள் நுழைய விரும்புவோருக்கு

மார்க்கஸ் அரேலியஸின் குறிப்புகளையோ எபிக்டெட்டஸின் கையேட்டையோ மொழிபெயர்ப்பில் படித்து மனம் தோய்ந்தவர்களில் சிலருக்கு, இதைப் பல்கலைக்கழகத்தில் முறையாகக் கற்று ஆய்வாளராகவே ஆகிவிட வேண்டும் என்ற ஆசை வருகிறது. அப்படி என்னிடம் கேட்பவர்களின் முதல் கேள்வி பெரும்பாலும் எந்தப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்பதாகவே இருக்கும். அது நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ கேட்க வேண்டிய கேள்வி. இந்தத் தொழிலில் ஒருவர் காலை முதல் மாலை வரை என்ன செய்கிறார் என்பதை முதலில் தெரிந்துகொண்டால், மற்றக் கேள்விகளுக்கு விடை தேடுவது எளிதாகும்.

கையில் என்ன இருக்கிறது?

கி.மு. 300-ஐ ஒட்டி ஏதென்ஸ் நகரத்தின் ஓவிய மண்டபத்தில் ஸீனோ பேசத் தொடங்கியதிலிருந்து இந்த மரபு பிறக்கிறது. மூன்றாவது தலைவரான கிரிசிப்பஸ் 705-க்கும் மேற்பட்ட ஏடுகள் எழுதியதாக, பண்டைத் தத்துவவாதிகளின் வரலாற்றை எழுதிய டயோஜெனீஸ் லயேர்ஷியஸ் கணக்குச் சொல்கிறார். அவற்றில் ஒன்றுகூட முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. ஏடுகளின் பெயர்ப் பட்டியலே கையெழுத்துப் பிரதியில் பாதியில் அறுந்து போயிருக்கிறது. முழு நூல்களாக நாம் படிப்பவை எல்லாம் ரோமப் பேரரசுக் காலத்தவை. செனெகாவின் 124 கடிதங்களும் கட்டுரைகளும், எபிக்டெட்டஸின் பேச்சை மாணவர் அரியன் எழுதிவைத்ததில் எஞ்சிய நான்கு ஏடுகளும், மார்க்கஸ் அரேலியஸின் பன்னிரண்டு ஏடுகளும் மரபு தொடங்கி முந்நூறு, நானூறு ஆண்டுகள் கழித்து எழுதப்பட்டவை.

அதற்கு முந்தைய ஸ்டோயிக்குகளை நாம் அறிவது பிறர் எடுத்தாண்ட மேற்கோள்களின் வழியாகத்தான், அந்தப் பிறரில் பலர் அவர்களை மறுக்கவென்றே எழுதியவர்கள். பிளேட்டோவின் வழிவந்த புளூட்டார்க், கிரிசிப்பஸ் தமக்குத் தாமே முரண்படுகிறார் என்று காட்டுவதற்காக அவருடைய ஏட்டின் பெயரையும் எண்ணையும் சொல்லி மேற்கோள் தருகிறார். மருத்துவர் கேலன், ஆன்மாவின் ஆளும் பகுதி இதயத்தில் இருக்கிறது என்ற கிரிசிப்பஸின் வாதத்தைத் தகர்க்கப் பக்கம் பக்கமாக அவரை நகல் எடுக்கிறார். தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. குண்டலகேசியின் பாடல்கள் சில, அதை மறுக்க எழுந்த நீலகேசியின் உரையிலும் புறத்திரட்டிலும் ஒட்டிக்கொண்டு பிழைத்ததைப் போன்ற நிலைதான் இதுவும். ஆகவே ஸ்டோயிக் ஆய்வாளரின் அன்றாட வேலை, ஒரு வரியை யார் சொன்னார், யாருடைய வாயிலாக அது நம்மிடம் வந்தது, கொண்டுவந்தவருக்கு அதில் என்ன காரியம் இருந்தது என்று சாட்சிகளை விசாரிப்பதே. இந்த விசாரணை உங்களுக்குச் சலிப்பூட்டும் என்று தோன்றினால், ஸ்டோயிக் நூல்களை வாசகராக நேசிப்பதோடு நின்றுவிடுவதில் குறைவொன்றும் இல்லை.

முதல் வேலை மொழி

கிரேக்கம் இல்லாமல் இந்தத் துறையில் பிஎச்.டி. செய்ய முடியாது, லத்தீன் இல்லாமல் செனெகாவையும் சிசரோவையும் தொட முடியாது. எளிய உரைநடையை அகராதி துணையுடன் படிக்கும் நிலைக்கு வரவே ஒரு மொழிக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இடைவிடாத பயிற்சி தேவைப்படும். எனவே விண்ணப்பத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே அகரவரிசையைத் தொடங்கிவிடுங்கள். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம்: நம் ஊர்களில் செவ்வியல் கிரேக்கம் கற்பிக்கும் கலைக் கல்லூரிகளைத் தேடிப் பிடிப்பது கடினம் என்றாலும், கிறிஸ்தவ இறையியல் கல்லூரிகளில் புதிய ஏற்பாட்டுக் கிரேக்கம் கற்பிக்கிறார்கள். எபிக்டெட்டஸ் பேசியதும் அதே காலத்துப் பொதுக் கிரேக்கம்தான் என்பதால், அந்த வகுப்பில் கற்றது வீண்போகாது. அங்கிருந்து பின்னோக்கி நடந்து, ஏதென்ஸ் வழக்கான பிளேட்டோவின் ஆட்டிக் நடைக்குச் சென்று சேர்வது பாடுதான், ஆனால் முடியாதது அல்ல.

இலக்கணப் புத்தகத்தை முடித்தபின், மொழிபெயர்ப்பில் ஏற்கெனவே மனப்பாடமாகிவிட்ட ஒரு பகுதியை மூலத்தில் எடுத்துப் படிப்பது நல்ல தொடக்கம். எபிக்டெட்டஸின் கையேடு, இருப்பவற்றில் சில நம் வசம் உள்ளவை, சில நம் வசம் இல்லாதவை என்று தொடங்குகிறது. அங்கே வரும் ‘எஃப் ஹேமின்’ என்ற இரண்டு சொல் தொடரை ‘நம் கட்டுப்பாட்டில்’ என்று மொழிபெயர்த்துவிட்டுப் போவோர் பலர். ‘நம்மைப் பொறுத்து’ என்றும் அதைச் சொல்லலாம். இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைப் பற்றி மட்டும் ஒரு நல்ல முதுகலைக் கட்டுரை எழுத முடியும்.

நவீன மொழிகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன் ஆகிய மூன்றில் இரண்டையாவது படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்கு அறிந்திருப்பது எதிர்பார்க்கப்படுகிறது. பேச வரவேண்டியதில்லை. ஸ்டோயிக் தர்க்கவியலைப் பற்றி மிகாயெல் ஃப்ரேடெ 1974-இல் ஜெர்மனில் வெளியிட்ட நூலை அந்தத் தலைப்பைத் தொடும் எவரும் தாண்டிப் போக இயலாது.

கருவி நூல்கள்

சிதறிய மேற்கோள்களைத் திரட்டித் தந்தவர் ஹான்ஸ் ஃபோன் ஆர்னிம். 1903 முதல் 1905 வரை மூன்று தொகுதிகளும், 1924-இல் சொல்லடைவும் வெளிவந்தன. கட்டுரைகளில் ‘எஸ்.வி.எஃப்.’ என்ற சுருக்கத்துடன் காணப்படும் எண்கள் இந்தத் திரட்டைக் குறிப்பவை. முதல் தொகுதி ஸீனோவும் அவருடைய நேர் மாணவர்களும். இரண்டாவது கிரிசிப்பஸின் தர்க்கமும் இயற்கையியலும். மூன்றாவது அவருடைய அறவியலும் பின்வந்தவர்களும். புதியவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். கிரிசிப்பஸின் பெயரே வராத, ‘ஸ்டோயிக்குகள் சொல்கிறார்கள்’ என்று பொதுவாகத் தொடங்கும் எத்தனையோ பகுதிகளை ஆர்னிம் அவர் கணக்கில் சேர்த்திருக்கிறார். ஆர்னிம் போட்ட தலைப்பை நம்பி ‘கிரிசிப்பஸ் சொன்னார்’ என்று எழுதினால், மதிப்பீட்டாளர் முதல் பக்கத்திலேயே பேனாவை எடுத்துவிடுவார்.

ஆங்கில மொழிபெயர்ப்பும் விளக்கமும் ஒரு தொகுதியிலும், கிரேக்க லத்தீன் மூலங்கள் மற்றொன்றிலுமாக ஏ.ஏ. லாங், டேவிட் செட்லி இருவரும் 1987-இல் வெளியிட்ட திரட்டுதான் இன்று மாணவர் மேசையில் முதலில் இருக்க வேண்டியது. அதனுடன் டயோஜெனீஸ் லயேர்ஷியஸின் ஏழாம் ஏட்டையும், கேட்டோ வாயிலாக ஸ்டோயிக் அறவியலைச் சிசரோ விரித்துரைக்கும் ‘நன்மை தீமைகளின் எல்லைகள்’ நூலின் மூன்றாம் ஏட்டையும் முழுமையாகப் படியுங்கள். சொல் தேடலுக்கு, கலிபோர்னியாவின் இர்வைனில் 1972-இல் தொடங்கிய கிரேக்கச் சொற்களஞ்சியத் தரவுத்தளம் உண்டு. அதற்குச் சந்தா வேண்டும். பெர்சியூஸ் என்ற இணைய நூலகம் இலவசம். ஸ்டான்ஃபோர்ட் தத்துவக் கலைக்களஞ்சியத்தின் ஸ்டோயிக் பதிவுகளும் இலவசம், நம்பகமானவை.

ஒரு மேற்கோளை விசாரித்தல்

இத்தனையையும் வைத்துக்கொண்டு செய்யும் வேலை எப்படிப்பட்டது என்பதை ஓர் உதாரணத்தில் காட்டுகிறேன். எல்லாம் விதிப்படி நடக்கிறது என்றால் மனிதன் எப்படிப் பொறுப்பாவான் என்ற கேள்விக்கு, கிரிசிப்பஸ் ஓர் உருளையைக் காட்டிப் பதில் சொன்னார். உருளையைத் தள்ளிவிட்டவன் அதற்கு அசைவின் தொடக்கத்தைத் தந்தான். உருளும் தன்மையைத் தரவில்லை, அது உருளையுடையது. இந்த உவமை நமக்கு இரண்டு இடங்களில் கிடைக்கிறது. ஒன்று சிசரோ கி.மு. 44-இல் எழுதிய ‘விதி’ என்ற நூல், மற்றொன்று கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ஆலஸ் கெல்லியஸ் எழுதிய ‘ஆட்டிக் இரவுகள்’ ஏழாம் ஏட்டின் இரண்டாம் அத்தியாயம். ஆர்னிமின் இரண்டாம் தொகுதியில் இவை 974, 1000 என்ற எண்களிலும், லாங்-செட்லி திரட்டில் 62-ஆம் பிரிவில் சி, டி என்று அடுத்தடுத்தும் இருக்கின்றன.

இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். சிசரோவில் உருளையோடு ‘டுர்போ’ என்ற பொருளும் வருகிறது. அதைக் கூம்பு என்பாரும் உண்டு, பம்பரம் என்பாரும் உண்டு. கெல்லியஸில் சரிவில் உருட்டிவிட்ட கல் உருளை மட்டும்தான். சிசரோவில் உவமையின் குறி, மனத்தில் பதியும் தோற்றத்துக்கு நாம் தரும் இசைவு. ‘இசைவு நம் வசம் இருக்கும்’ என்பதில் வாதம் முடிகிறது. கெல்லியஸில் இசைவு என்ற சொல்லே அங்கு இல்லை. அவரவர் மனத்தின் இயல்பும் விருப்பமும்தான் செயலை ஆள்கின்றன என்கிறார். அப்படியானால் கிரிசிப்பஸ் பொறுப்பை இசைவில் வைத்தாரா, குணத்தில் வைத்தாரா?

இனி சாட்சிகளை விசாரிக்க வேண்டும். சிசரோ, ஸ்டோயிக்குகளோடு வாதிட்ட ஐயவாத அகாதெமி மரபைச் சார்ந்தவர். அந்த நூலில் அவருக்கென்று ஒரு வாதம் இருக்கிறது. நூலும் இடையிடையே பகுதிகள் இழந்து வந்திருக்கிறது. கெல்லியஸ் கிரிசிப்பஸுக்கு ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் பிந்தியவர், தத்துவவாதியும் அல்லர், படித்ததைக் குறித்துவைக்கும் ஆர்வலர். ஆனால் விதியின் வரையறையை, கிரிசிப்பஸ் ‘தெய்வக் காப்பு’ பற்றி எழுதிய நூலின் நான்காம் ஏட்டிலிருந்து என்று இடம் சுட்டிக் கிரேக்கத்திலேயே தருகிறார். அதே அத்தியாயத்தின் முடிவில் சிசரோவின் நூலையும் பெயர் சொல்கிறார். அவர் சிசரோவைப் படித்தவர் என்றால் இருவரையும் இரண்டு தனித்தனிச் சாட்சிகளாக எண்ணலாமா என்பது அடுத்த கேள்வி. ஸூசான் போப்ட்சின் 1998-இல் வெளியிட்ட, ஸ்டோயிக்குகளின் விதியையும் சுதந்திரத்தையும் பற்றிய பெரிய நூலைப் படித்தால், இப்படிப்பட்ட விசாரணையை எவ்வளவு தூரம் எடுத்துச் செல்ல முடியும் என்று தெரியும்.

என் சொந்த அனுபவம் ஒன்றையும் சேர்த்துவிடுகிறேன். முதுகலையில் நான் எழுதிய முதல் கட்டுரையை ஆர்னிமில் கண்ட ஒரு புளூட்டார்க் மேற்கோளின் மீது கட்டியிருந்தேன். வழிகாட்டி அதைப் படித்துவிட்டு, புளூட்டார்க்கையே எடுத்துவரச் சொல்லி, அந்த வரிக்கு அடுத்த வரியை உரக்கப் படிக்கச் சொன்னார். புளூட்டார்க் ஒரு முரணின் இரண்டு பாதிகளாக வைத்திருந்ததில் ஒரு பாதியைத்தான் நான் கிரிசிப்பஸின் முடிந்த முடிபாகக் கொண்டிருந்தேன். அன்றிலிருந்து திரட்டில் எந்த எண்ணைப் பார்த்தாலும், மூல நூலில் அதற்கு முன்னும் பின்னும் இரண்டு பக்கமாவது படிக்காமல் மேற்கோள் காட்டுவதில்லை.

தலைப்பைச் சுருக்குதல்

‘ஸ்டோயிக்குகளின் உணர்ச்சிக் கோட்பாடு’ என்பது ஆய்வுத் தலைப்பு ஆகாது. அதன் மேல் நூலகமே இருக்கிறது. ‘செனெகாவின் சினம் பற்றிய நூலின் இரண்டாம் ஏட்டுத் தொடக்கத்தில் வரும் முதல் அசைவுகள்’ என்றால் தலைப்பு. உணர்ச்சியாக மாறுவதற்கு முன், இசைவுக்கு முன்பே எழும் நடுக்கமும் வெளிறலும் ஞானிக்கும் உண்டு என்ற கருத்து அது. அதற்கு இணையாகக் கெல்லியஸ் பத்தொன்பதாம் ஏட்டில் சொல்லும் கப்பல் கதையை எடுத்துக்கொள்ளலாம். புயலில் முகம் வெளிறிய ஸ்டோயிக் தத்துவவாதியிடம் காரணம் கேட்டபோது, அவர் பையிலிருந்து எபிக்டெட்டஸ் உரைகளின் ஐந்தாம் ஏட்டை எடுத்துக் காட்டினாராம். நம்மிடம் இருப்பவை நான்கு ஏடுகள். தொலைந்த ஐந்தாவதன் ஒரு துண்டு, கடலில் பயந்துபோன ஒருவரின் கதைக்குள் நமக்குக் கிடைத்திருக்கிறது.

ஒதுக்கப்பட்ட இடங்களிலும் தலைப்பு தேடலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கார்ல் பிரான்டல் ஸ்டோயிக் தர்க்கத்தை ஒன்றுக்கும் உதவாதது என்று எழுதி மூடிவைத்தார். அதில் இருப்பது முழு வாக்கியங்களை அலகாகக் கொண்ட தர்க்கம் என்பதைப் போலந்தின் யான் வுகாஷேவிச் 1930-களில் எடுத்துக்காட்ட, பென்சன் மேட்ஸ் 1953-இல் அதை ஒரு நூலாக விரித்தார்.

எங்கே, யாரிடம்

இப்போதுதான் பல்கலைக்கழகம். இந்தத் துறை இரண்டு வீடுகளில் குடியிருக்கிறது: கிரேக்க லத்தீன் மொழிகளுக்கான செவ்வியல் துறை ஒன்று, தத்துவத் துறை மற்றொன்று. முதலாவதில் மொழியைச் சோதிப்பார்கள். இரண்டாவதில் வாதத்தைச் சோதிப்பார்கள். இரண்டையும் இணைத்துக் கற்பிக்கும் இடங்கள் நல்லவை. ஆக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ், பிரின்ஸ்டன், பெர்க்லி, டெக்சஸ் ஆஸ்டின், டொராண்டோ, மியூனிக், பெர்லின் ஹும்போல்ட் ஆகியவற்றில் பண்டைத் தத்துவத்துக்கு நிலைத்த மரபு உண்டு. பிரிட்டனில் பிஎச்.டி. மூன்று, நான்கு ஆண்டுகளில் முடியும். ஆனால் முதுகலை முடித்து, மொழியும் வந்தவராகத்தான் உள்ளே போக வேண்டும். அமெரிக்காவில் ஐந்து, ஆறு ஆண்டுகளுக்குக் குறையாது, முதல் இரண்டு ஆண்டுகளில் பாடங்கள் இருக்கும். மொழியில் பின்தங்கியவர்களுக்கு இது சாதகம்.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரின் கனத்தை மட்டும் பார்க்காதீர்கள். அவர் ஓய்வுபெற இன்னும் எத்தனை ஆண்டுகள் இருக்கின்றன என்பதையும் விசாரியுங்கள். அவருக்கு எழுதும் முதல் மின்னஞ்சலில் ஸ்டோயிக் தத்துவம் உங்கள் வாழ்க்கையை எப்படி மாற்றியது என்று எழுத வேண்டாம். அது உண்மையாகவே இருக்கலாம். அவர் தெரிந்துகொள்ள விரும்புவது, எந்த மூல நூலின் எந்தப் பகுதி உங்களை உறுத்துகிறது, அதை எந்த மொழியில் படித்தீர்கள் என்பதுதான்.

எழுதுதல், வெளியிடுதல்

புதியவருக்கு முதல் வெளியீடாக நூல் மதிப்புரையைப் பரிந்துரைப்பேன். 1990-இல் தொடங்கிய ‘பிரின் மார் செவ்வியல் மதிப்புரை’ எல்லோரும் படிக்கக்கூடியதாகத் திறந்திருக்கிறது. ஆய்வுக் கட்டுரைக்கு, 1955-இல் தொடங்கிய ‘ஃப்ரோனேசிஸ்’, 1983-இல் தொடங்கிய ‘ஆக்ஸ்போர்ட் பண்டைத் தத்துவ ஆய்வுகள்’ ஆகியவை முதல் வரிசை. பெயர் மறைத்த மதிப்பீட்டில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், திருப்பி அனுப்பப்படுவதும் வழக்கம்தான். மாநாடுகளைத் தவிர்க்காதீர்கள். 1978-இல் ஆக்ஸ்போர்டில் கூடிய முதல் ஹெலனிய (அலெக்சாண்டருக்குப் பிந்தைய காலக் கிரேக்க) தத்துவக் கருத்தரங்கின் கட்டுரைகள் 1980-இல் நூலாக வந்தபின்தான், அரிஸ்டாட்டிலோடு கிரேக்கத் தத்துவத்தை முடித்துக்கொள்ளும் பழக்கம் பாடத்திட்டங்களில் தளரத் தொடங்கியது.

வேலை

கசப்பான பகுதி இது. விளம்பரங்களில் ‘ஸ்டோயிக் தத்துவ விரிவுரையாளர்’ என்ற பதவி வருவதில்லை. ‘பண்டைத் தத்துவம்’ என்று வரும், அதுவும் குறைவாகத்தான் வரும். நேர்காணலில் கேட்பது பிளேட்டோவும் அரிஸ்டாட்டிலும் நடத்துவீர்களா என்பது. எனவே ஆய்வேட்டில் கிரிசிப்பஸ் இருந்தாலும், பிளேட்டோவின் ‘குடியரசு’, அரிஸ்டாட்டிலின் ‘நிக்கோமாக்கிய அறவியல்’ இரண்டையும் முதலாண்டு மாணவருக்குப் பத்து வாரம் நடத்தத் தயாராக வைத்திருங்கள். தொடக்கநிலைக் கிரேக்கமோ அடிப்படைத் தர்க்கமோ கற்பிக்க முடிந்தால் இன்னும் நல்லது.

பிஎச்.டி.க்குப் பின் ஓரிரு ஆண்டு ஒப்பந்தங்களில் ஊர் ஊராக மாறுவது பலருக்கும் நேர்கிறது. அமெரிக்காவில் நிரந்தரப் பதவிக்கான தடத்தில் சேர்ந்தாலும், ஏறத்தாழ ஆறாம் ஆண்டில் மதிப்பீடு வரும். ஜெர்மனியில் ‘ஹாபிலிடாட்சியோன்’ என்ற இரண்டாவது பெரிய ஆய்வேடு இன்னும் மதிக்கப்படுகிறது. தற்காலிகப் பணிக்கு, முனைவர் பட்டத்துக்கு முன் ஆறு, பின் ஆறு ஆண்டுகள் என்று பொதுவாகச் சட்டம் வரம்பு கட்டியிருக்கிறது. நேர்க்கோட்டில் போன வாழ்க்கைகள் முன்பும் குறைவே. ஏ.ஏ. லாங் நியூசிலாந்தின் ஒடாகோவில் பாடம் நடத்தத் தொடங்கி, இங்கிலாந்தில் லிவர்பூல் உட்படப் பல இடங்களில் இருந்துவிட்டுத்தான் பெர்க்லிக்குப் போனார். மார்க்கஸ் அரேலியஸைப் பற்றி 1992-இல் பெரிய நூல் எழுதிய பியேர் அதோ, இளமையில் குருத்துவப் பயிற்சி பெற்றவர். மாரியுஸ் விக்டோரினுஸ் என்ற லத்தீன் இறையியல் எழுத்தாளரில் நெடுங்காலம் உழைத்தவர்.

மக்களிடையே இன்று பரவியிருக்கும் ஸ்டோயிக் ஆர்வம் வேலைச் சந்தையை மாற்றிவிடவில்லை. ஆனால் வகுப்பை நிரப்புகிறது. எக்ஸிடர் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு 2012-இல் தொடங்கிய ‘ஸ்டோயிக் வாரம்’ போன்ற முயற்சிகளில் தேர்ந்த ஆய்வாளர்களே பங்கெடுத்தனர். பொதுவாசகருக்கு எழுதுவதைத் தாழ்வாக நினைக்கத் தேவையில்லை. ஆனால் நிரந்தர வேலை கிடைக்கும் வரை, அந்த எழுத்துக்குச் செலவிடும் நேரத்தைக் கணக்குப் பார்த்துச் செலவிடுங்கள்.

புதிய மூலம் கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு ஓர் இடம் உண்டு. கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை புதைத்த ஹெர்குலேனியத்தில், 1750-களில் கரிந்த பப்பைரஸ் சுருள்கள் எடுக்கப்பட்டன. பெரும்பாலானவை, ஸ்டோயிக்குகளுக்குப் போட்டியான எபிக்யூரிய மரபைச் சேர்ந்த ஃபிலோடிமஸுடையவை என்றாலும், கிரிசிப்பஸின் தர்க்கக் கேள்விகள் பற்றிய ஏடு ஒன்றின் சிதைந்த பகுதியும் அவற்றில் இருந்தது. திறக்க முடியாத சுருள்களை ஊடுகதிர்ப் படங்களும் கணினியும் கொண்டு பிரிக்காமலே படிக்கும் முயற்சி 2023 முதல் பலன் தரத் தொடங்கியிருக்கிறது. அந்தப் பக்கம் போக விரும்புகிறவர் பப்பைரஸ் எழுத்தாய்வையும் இத்தாலியனையும் முதுகலையிலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக நாட்காட்டி. அமெரிக்க விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பரிலும் ஜனவரித் தொடக்கத்திலும் முடிகின்றன. பிரிட்டனில் உதவித்தொகையோடு சேர்ந்தவை டிசம்பர், ஜனவரியை ஒட்டி வரும். எழுத்து மாதிரியாக அனுப்பும் கட்டுரையை ஒருவரிடம் காட்டித் திருத்த மூன்று மாதம் வேண்டும், ஆகவே செப்டம்பரில் முதல் வரைவு முடிந்திருக்க வேண்டும். அந்தக் கட்டுரையில் கிரேக்க மேற்கோளை நீங்களே மொழிபெயர்த்திருக்க வேண்டுமென்றால், கிரேக்க வகுப்பு அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே தொடங்கியிருக்க வேண்டும்.